லோர்னாவின் வலது கால்

லோர்னா ஹியெட்டலாவுக்கு மெத்தையில் படுத்தால் தூக்கம் வராது. பதினோரு வருடத்துக்கு முன்பு பனிக்கட்டியில் சறுக்கி விழுந்ததில் முதுகு போய்விட்டது. அன்றிலிருந்து தூளிதான். வீட்டில் இரண்டு உத்தரங்களுக்கு நடுவே தூளி, காட்டில் இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே தூளி. ஐம்பத்தெட்டு வயதில் கைக்குழந்தை மாதிரி தூங்குகிறாள் என்று பஸ் கொட்டகையில் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, தூங்குவது அவள்தானே.

அமெரிக்காவில், மிச்சிகனின் வடக்கு மூலையில், ஏரிக்கரைச் சாலையில், இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கு இருந்தவை இரண்டே இரண்டு: அந்த மஞ்சள் வண்டியும், ஜனவரித் தூளிக் கூட்டமும்.

வருடத்திலேயே குளிர் உச்சத்தில் இருக்கும் வாரக்கடைசியாகப் பார்த்து ஒன்பது பேர் காட்டுக்குப் போய்த் தூளி கட்டுவார்கள். தூளிக்கு அடியில் இறகுப் போர்வை, மேலே தார்ப்பாய், சுற்றிலும் இடுப்பளவு பனி. கிறுக்குத்தனம்தான், வேறென்ன சொல்ல? ஆனால் கிறுக்கர்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. படுக்கப் போகும் முன் மார்வ் டெக்கர் நெருப்பைச் சுற்றி நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "கால்?" என்று கேட்பான். பூட்ஸுக்குள் விரலை அசைத்துப் பார்த்துவிட்டு "இருக்கு" என்று சொல்ல வேண்டும். மரத்துப்போனவர் பூட்ஸைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவரின் சட்டைக்குள் வெறும் வயிற்றில் பாதத்தை வைத்தாக வேண்டும். வெட்கமெல்லாம் பார்க்கக் கூடாது. மார்வ் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை என்று மீசையை முறுக்கிக்கொள்வான்.

அக்டோபரில் மருத்துவர் லோர்னாவின் பாதங்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நைலான் இழையால் பன்னிரண்டு இடத்தில் குத்தினார். மூன்று இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. சர்க்கரை வியாதி நரம்பைத் தின்றுவிட்டிருந்தது. "இந்தக் குளிர்காலம் காட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க" என்றார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. படிவத்தில் 'பள்ளி ஊழியர்' என்று எழுதியிருந்த லோர்னாவும் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் ஜனவரியில் வந்துவிட்டாள். வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

"லோர்னா, கால்?"

"இருக்கு."

"விரல் அசையுதா?"

"ஏன், டான்ஸ் ஆடிக் காட்டட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உள்ளுக்குள், தூக்கத்தில் விரல்கள் உறைந்துபோனால் தெரியவே தெரியாதே என்ற பயம். கொதிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள். தடித்த கம்பளி உறைக்குள் போட்டுத்தான் தூளிக்குள் எடுத்துப் போவது வழக்கம். உறை போட்டால் சூடு குறையுமே! அதனால் வெறும் பாட்டிலை வலது காலோடு ஒட்டி வைத்துப் போர்வையை இறுக்கிக்கொண்டாள். நன்றாகத் தூங்கினாள், பாவி.

விடிந்ததும் மார்வ் காப்பியோடு வந்தான். லோர்னா தூளியில் உட்கார்ந்து, ஈரமாக இருந்த காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் ஒழுகியிருக்கும் என்றாள். பாட்டிலில் தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்தது. மார்வ் மண்டியிட்டுக் காலுறையை மெல்ல உரித்தான். வெந்துபோயிருந்த உள்ளங்காலின் தோல் அதோடு வந்தது.

"வலிக்கலியா?"

அவள் அதை யாருடைய காலோ போலப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"அக்டோபர்."

"நேத்து 'இருக்கு'ன்னியே."

"இல்லேன்னா வீட்டுக்கு அனுப்பியிருப்பே."

"பின்னே, மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா?" முணுமுணுத்துக்கொண்டே சுத்தமான துணியைச் சுற்றினான். பாதி சுற்றியதும் கை நின்றது. "லோர்னா, பிரேக்கை எந்தக் காலால மிதிக்கிறே?"

"கண்ணால பாத்துக்கறேன். கால் பெடல் மேல இருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டுத்தான் மிதிக்கிறேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலியே, மார்வ்."

அவன் கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கத்தவில்லை.

"டெஸ்ஸா உன் வண்டியில மூணாவது சீட்டு." டெஸ்ஸா அவனுடைய பேத்தி.

"தெரியும்."

"நீ ஓட்டறதைப் பாத்துக்கிட்டே வரணுமாம். அதுக்காக அந்த சீட்டுக்கு தினம் சண்டை."

லோர்னாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவமானம் கழுத்துவரை ஏறியது. நாற்பத்தோரு பிள்ளைகள். ஏரிக்கரை வளைவில் தினமும் இரண்டு தடவை குனிந்து காலைத் தேடியிருக்கிறாள். மேல்கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். குளிரில் வளையம் திறக்க மறுத்தது. பல்லால் கடித்துத் திறந்து, பஸ் சாவியை மட்டும் உருவி அவன் கையில் வைத்தாள்.

"கொட்டகையில நானே சொல்லிடறேன். நீ சொல்லாதே. அதுவரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா திங்கக்கிழமை ஓட்டிடுவேன்."

மார்வ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மீதித் துணியைச் சுற்றி முடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் காரைக் கிளப்பிச் சூடாக்கி வைக்கும்படி மற்றவர்களிடம் சொன்னான். பிறகு பனியிலேயே உட்கார்ந்து, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, சட்டையைத் தூக்கி, அவளுடைய இடது பாதத்தைத் தன் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டான். அவன் உடம்பு சிலிர்த்ததை அவள் பார்த்தாள்.

"கால்?" என்று கேட்டான்.

"இல்லே, மார்வ்" என்றாள் லோர்னா.