பூசாமல் விட்ட எறால் களிம்பு

கையில் வலியே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆழமாக வெந்தால் நரம்பும் செத்துவிடும், அதனால்தான் வலிக்கவில்லை என்றார்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்குள் (புஸ்வாணம்) வெடிமருந்து அடைக்கிற வேலை எனக்கு. தீபாவளி சீசன் அவசரத்தில் ஏதோ உரசித் தீப்பிடித்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் மோசம்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். “கத்தி வைக்காமப் பாப்போம்மா. எறால் மாதிரி ஒரு கடல் பிராணி வயித்துல இருந்து எடுத்த நொதி (இரையைக் கரைக்கும் சாறு) இதுல இருக்கு. செத்த சதையக் கரைச்சு எடுத்துரும், நல்ல சதைய ஒண்ணும் பண்ணாது.” என் இரண்டு விரலும் அதை நம்பித்தான் இருந்தன.

எங்கள் வீட்டில் யாருக்காவது புண் என்றால் ஆறும்வரை கருவாடுகூட வறுக்க மாட்டோம். கவிச்சி சேர்ந்தால் சீழ் வைக்கும் என்பார்கள்.

“திங்கவே ஆகாதும்பாக. இவுக புண்ணுலயே பூசச் சொல்றாகளே,” என்றார் என் வீட்டுக்காரர்.

“எனக்கும் அதேன் பயமா இருக்கு,” என்றேன்.

தேங்காய் எண்ணெய் தடவிக் கட்டினோம். களிம்பு குறையாமல் இருந்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவாரே என்று தினமும் கொஞ்சம் சாக்கடையில் பிதுக்கினேன். போடுகிறீர்களா என்று அவர் கேட்டபோதெல்லாம் தலையாட்டினேன். என்ன ஒரு சாமர்த்தியம்!

மூன்றாவது முறை போனபோது, கட்டைப் பிரித்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. கிருமி எலும்புவரை இறங்கியிருந்தது. இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

தையல் பிரித்த அன்றுதான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை.

“பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. பப்பாளிப் பால்ல செஞ்ச களிம்பும் இருக்கு. அதக் குடுத்திருப்பேனே.”

‘பயமா இருக்கான்னு நீங்களும் கேக்கலையே சார்’ என்று வாய்வரை வந்தது. யாரை நொந்து என்ன? பிதுக்கியவள் நான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். பயம் என்றால் பயம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

புண் ஆறிவிட்டது. மூன்று விரலால் சோற்றைப் பிசைந்து அள்ளினால் பாதி இலையிலேயே விழுகிறது. கல்யாண வீட்டில் மற்றவர்கள் மோர் குடித்து எழும்போது நான் சாம்பாரிலேயே இருக்கிறேன். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பவர்கள், என் கையைப் பார்த்ததும் வேறு இலைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.