அன்னப்போஸ்ட் கூட்டம்

சிக்கல் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்து நர்ஸ் கவிப்ரியாவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்த மாதிரிதான். மொழிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. மிளகாய்க் காட்டு வரப்பில் சிக்னல் தேடி நடந்தபடியே ஆன்லைன் வகுப்புக் கேட்பாள். ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் அவளுக்கு ஆகாது.

மொழியோடு நாட்டையும் படியுங்கள் என்றார் டீச்சர். பெர்லின் மேடைகளில் ஆட்சியாளர்களைக் கிண்டலடித்த பழைய பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். பிறகு சர்வாதிகார காலத்து ரேடியோ. அதில் ஒரே குரல். நடுவில் நடந்ததுதான் கவிப்ரியாவைக் குடைந்தது. 1933இல் நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டு, சட்டம் போடும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்குத் தூக்கிக் கொடுத்ததாம். எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே ஒரு கட்சி.

"அத்தன பேரு எப்படிய்யா சம்மதிச்சிருப்பாக?" என்று தன் அய்யா கூத்தையாவை நச்சரித்தாள்.

"பொழைக்கணும்ல தாயி" என்றுவிட்டு அவர் களை வெட்டப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு. பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளி நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரை ஆட்டிப்படைக்கும் நாகேந்திரனோ, போட்டியே இல்லாமல் தன் மனைவியை அன்னப்போஸ்ட்டாக உட்காரவைக்கக் கோயில் வாசலில் கூட்டம் போட்டார். அவரை மறுத்துப் பேசிய வீட்டு வயலுக்குக் கண்மாய்த் தண்ணீர் வந்து சேராது. அது எல்லாருக்கும் தெரியும்.

"வேற யாரும் மனுப் போட வேணாம். சம்மதமுன்னா கையத் தூக்குங்க" என்றார்.

கைகள் எழுந்தன, கூத்தையாவின் கையும்தான். கவிப்ரியா தன் கையை மடியில் அழுத்திக்கொண்டு சண்முகவள்ளியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மகராசி எல்லாரையும் முந்திக்கொண்டு தூக்கியிருந்தாள்.

கவிப்ரியாவுக்கு ஆத்திரம் வந்தது. இவளுக்காகவா இந்தப் பிடிவாதம்? தூக்கித் தொலைத்திருக்கலாம். ஆனாலும் மனம் வரவில்லை.

"எல்லாருக்கும் சம்மதம்" என்று முடிக்கப் பார்த்தார் நாகேந்திரன்.

"நான் தூக்கல மாமா."

"நீ வெளிநாடு போறவ ஆத்தா. ஒன்னைய எதுக்குச் சேக்கணும்?"

கூட்டம் சிரித்தது.

"இன்னும் போகலயே. போற வரைக்கும் சேத்துக்கங்க."

சிரிப்பு நின்றது. நாகேந்திரன் அவளிடம் பேசவே இல்லை. கூட்டத்துக்குள் தேடி, "என்ன கூத்தையா, ஒம் மக பேச்சுத்தான் ஒனக்குமா?" என்று நிதானமாகக் கேட்டார்.

"எங் கை மேலதான் இருக்கு" என்றார் கூத்தையா. "அவ கைய நான் தூக்க முடியாது."

தூக்கிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் கவிப்ரியாவுக்கு அழுகை வந்தது. அவள் போய்விடுவாள். நாளைக்குக் கண்மாய் மடையில் தண்ணீருக்கு நிற்கப்போகிறவர் அவர்தான்.