துடைப்பச் சுழிக் குதிரை: செம்பருத்திக்கு ஜோடி தேடிப் போன ஒரு நாள்

போன திங்கட்கிழமை காலை காரில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், எங்கள் வீட்டுக்காரர், கொழுந்தனார் பழனிசாமி, வாடகைக் காரை ஓட்டிய ரவி. யாருக்காகப் போனோமோ அவள் வரவில்லை. அவள் பெயர் செம்பருத்தி. எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரையில் சோளத்தட்டு தின்றுகொண்டு நின்றாள். ஒன்பது வயதுப் பெண் குதிரை. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

கொழுந்தனார் ரிக் வண்டியில் வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சேர்த்த பணத்தில் நான்கு வருடங்களுக்கு முன் அவளை வாங்கினார். அவர் வருடத்தில் எட்டு மாதம் வெளியூரில் இருப்பதால் தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, லாடக்காரரைக் கூப்பிடுவது எல்லாம் என் பொறுப்பு. இதுவரை அவள் குட்டி போட்டதில்லை. சென்ற மாதம் பார்த்த கால்நடை மருத்துவர், உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் குட்டிக்கு இதற்கு மேல் தள்ளிப் போடாதீர்கள் என்றார். அடுத்த பருவத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கொழுந்தனாரும் விடுமுறையில் வந்திருந்தார். பொலிகுதிரை பார்க்கக் கிளம்பிவிட்டோம். பொலிகுதிரை என்றால் சேர்க்கைக்கென்றே வளர்க்கும் ஆண் குதிரை. எங்களைப் போல முதல்முறை தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். குதிரையைப் பற்றித் தெரிந்தது எல்லாம் அவள் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டது.

விளக்கேற்றி, செம்பருத்தியின் நெற்றியில் திருநீறு வைத்து, 5.40க்குப் புறப்பட்டோம். காரில் ஏறியதும் ரவி ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க்கா, மாப்ள பாக்கப் போறமே, பொண்ணு ஜாதகம் எடுத்தாச்சுங்களா?"

"அதெல்லாம் நம்ம புள்ளைக்கு ஜாதகமே வேண்டாம் ரவி. சுத்தத் தங்கம்," என்றார் கொழுந்தனார்.

நான் சிரித்துக்கொண்டே பையைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கென்று நான் வைத்திருக்கும் நோட்டு உள்ளே இருந்தது. தீவனம், ஊசி, லாடம் கட்டிய தேதி எல்லாம் அதில் எழுதுவேன். மருத்துவர் ஊசி போட்ட தேதியை யாராவது கேட்டால் சொல்லலாமே என்று எடுத்து வந்தது.

முதலில் சங்ககிரிப் பக்கம், 21 கிலோமீட்டர். 6.35க்குப் போய்ச் சேர்ந்தோம். சொந்தமாக லாரிகள் வைத்திருப்பவரின் தோட்டம் அது. இரண்டு ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் குதிரையை வெளியே கூட்டி வந்தார்கள். முழு வெள்ளை. மூக்கு மட்டும் தாமரை நிறம். இரண்டு காதுகளும் உள்பக்கம் வளைந்து, நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டு, கும்பிடுகிற கைகள் போல் இருந்தன. மலைக்குப் பின்னாலிருந்து அப்போதுதான் வெயில் வந்தது. அது கழுத்தை வளைத்து ஒரு முறை கனைத்தபோது என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. கை தானாகக் குவிந்துவிட்டது. செல்போனில் அது நடந்து வருவதைப் படம் பிடித்தேன். அவசரத்தில் எடுத்ததால் படம் முழுக்க ஆடுகிறது.

கொழுந்தனார் அதைச் சுற்றி வந்து முடியைத் தடவித் தடவிச் சுழி பார்த்தார். மாட்டுக்குப் பார்ப்பது போலவே குதிரைக்கும் பார்ப்பார்கள். உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து, வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வது. "ராஜசுழி அண்ணி! இனி எங்கயும் போக வேண்டாம்," என்றார். சேர்க்கைக்குப் பதினைந்தாயிரம். முன்பணம் எடுத்து நீட்டப் போனார். மணி பார்த்தேன், 7.35. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம்.

"தம்பி, ஒன்பது மணிக்கு மேல குடுங்க."

"ஒன்றரை மணி நேரம் இங்கயே உக்காந்திருக்கறதுங்களா?" என்று கடுகடுத்தார். இன்னும் இரண்டு இடம் சொல்லி வைத்திருந்தோம். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கொடுக்கலாம் என்று வீட்டுக்காரர் முடித்து வைத்தார்.

திருச்செங்கோடு 12 கிலோமீட்டர். வழியில் இட்லி, காபி நான்கு பேருக்கும் 310 ரூபாய். இரண்டாவது குதிரை கறுப்பு, நல்ல துடிப்பு. ஆனால் வயது இரண்டரைதான். அதன் குட்டி ஒன்றுகூட இன்னும் பிறக்கவில்லை. முதல்முறை போகும் பெட்டைக்கு அனுபவமுள்ள, அமைதியான குதிரைதான் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். மலையேற நேரமில்லை. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழிருந்தே அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டேன்.

அங்கிருந்து வெண்ணந்தூர்ப் பக்கம் 29 கிலோமீட்டர், 11.10க்குச் சேர்ந்தோம். தறிக் கொட்டகையை ஒட்டிய வீடு. குதிரைக்காரர் ஒரு பெண், பூங்கொடி, என் வயதுதான் இருக்கும். "வாங்க, வாங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்து வாசலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கூட்டினார். பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்தார். கோலம் போடப் போகிறார் என்றே நினைத்தேன்.

குதிரையை அவரே ஒற்றைக் கயிற்றில் பிடித்து வந்தார். பழுப்பு நிறம். தலை கொஞ்சம் பெரிது. சங்ககிரியில் பார்த்த கண்ணுக்கு இது வண்டிக் குதிரை மாதிரித்தான் தெரிந்தது. ஈர வாசலில் எங்களை நோக்கி நடத்தினார், திரும்ப நடத்தினார். அப்புறம் அதைக் கட்டிவிட்டு, "வந்து பாருங்" என்று தரையைக் காட்டினார்.

கூட்டிய ஈர மண்ணில் குளம்புத் தடங்கள். ஒவ்வொன்றும் நேராக முன்னே பார்த்து, நூல் பிடித்து வைத்தது போல் இரண்டு வரிசை. ஒன்றுகூட உள்ளேயோ வெளியேயோ திரும்பவில்லை. காலையில் வெள்ளைக் குதிரையைப் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. இதைப் பார்த்தபோது உள்ளே எல்லாம் அடங்கிப் போனது. முந்நூறு கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் காலை இத்தனை நேராக யார் அளந்து வைத்தார்கள்?

"இப்பச் சொல்லுங்க. உங்க குதிரைக்கு என்ன குறைங்க?" என்றார் பூங்கொடி.

கொழுந்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "குறையா? எங்க செம்பருத்திக்கா? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"குறையில்லாத குதிரைய நான் இன்னும் பாக்கலீங்க. என்னோடதுக்கு நானே சொல்றேன். தல பெருசு. வாலுக்கு மேல தொடப்பச் சுழி இருக்குது. உங்களதச் சொன்னாத்தான இது பொருந்துமான்னு பாக்கலாம்? ரெண்டுக்கும் ஒரே குறையா இருந்தா குட்டிக்கு அது ரெட்டிப்பா வந்துருமுங்க."

எங்கள் வீட்டில் செம்பருத்தியின் குறையை யாரும் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. வாயில்லா ஜீவனைக் குறை சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்று நானே எத்தனையோ பேர் வாயை அடைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் காது, சுழி, நிறம் எல்லாம் பார்த்தோம். பெண்ணைப் பார்க்கவே இல்லை.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். லாடக்காரர் ஒவ்வொரு முறையும் சொன்னதை நான் அப்படியே எழுதியிருந்தேன். "வலது முன்கால், உள்பக்கம் தேய்வு." அடுத்த முறையும் அதே. அதற்கடுத்த முறையும் அதே. நான்கு வருடமாக என் கையெழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. செம்பருத்தி என்னை நோக்கி நடந்து வரும் படம் ஒன்று செல்போனில் இருந்தது. பூங்கொடி பார்த்தார். "முன்கால் வெளிய திரும்புதுங்க. கொஞ்சந்தான். வேலைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நேர் காலுக்குத்தான் சேக்கணும்."

எனக்கு வேறொன்று தோன்றியது. சங்ககிரிப் படத்தைப் போட்டேன். ஆடுகிற படம்தான். ஆனாலும் தெரிந்தது. அந்த வெள்ளை அழகனின் இரண்டு முன்கால்களும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. நான் காதை விட்டுக் கண்ணை இறக்கவே இல்லை.

"அட சாமி," என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசிய ஏழெட்டு வார்த்தைகளில் இரண்டு அவை.

ரவி மெதுவாக, "நான் ஜாதகம் கேட்டப்ப சிரிச்சீங்கல்ல?" என்றார். கொழுந்தனார் முறைத்தார்.

பூங்கொடி பின்கட்டுக்குக் கூட்டிப் போய் அந்தக் குதிரையின் இரண்டு குட்டிகளைக் காட்டினார். வெவ்வேறு தாய்க்குப் பிறந்தவை, இரண்டுக்கும் நேரான கால். மருத்துவரிடம் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கேட்காமலே கொடுத்தார். சேர்க்கைக்கு ஆறாயிரம். ஐந்து நாள் பெட்டையை அங்கேயே விட வேண்டும், தீவனத்துக்கு நாளொன்றுக்கு 250. சினை நிற்காவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பணம் வேண்டாம்.

கொழுந்தனார் வாலுக்கு மேல் இருந்த சுழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொடப்பச் சுழி ஊட்டையே தொடச்சுட்டுப் போயிரும் அண்ணி. வெள்ளையும் வேண்டாம், இதுவும் வேண்டாம். இந்த வருசம் உட்டுரலாம்."

"எங்க ஊட்டுல ஏழு வருசமா நிக்குதுங்க. தறி நாலு இருந்துச்சு, இப்ப ஆறு ஓடுது," என்றார் பூங்கொடி. கோபமே இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை வரை அந்த ஐந்து நாட்களை வேறு யாருக்கும் தராமல் எங்களுக்காகப் பிடித்து வைப்பதாகச் சொன்னார்.

ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கிக்கொண்டு (120 ரூபாய்) 46 கிலோமீட்டர் திரும்பினோம். மொத்தம் 108 கிலோமீட்டர், கார் வாடகை 2,400. வழி முழுக்க நான் மலையடிவாரத்தில் கும்பிட்டதை நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே ஒரே உடம்பில் ஆண் பாதி, பெண் பாதி. பிறக்கப் போகும் குட்டியும் அப்படித்தானே? நாங்கள் ஒரு பாதியை மட்டும் தேடி அலைந்திருக்கிறோம்.

நீங்கள் போவதாக இருந்தால், முதலில் உங்கள் குதிரையை ஈர மண்ணில் நடத்தி, தடத்தைப் பார்த்துக் குறையை எழுதிக்கொள்ளுங்கள். லாடக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். பொலிகுதிரையைக் காலில் தொடங்கி மேலே பாருங்கள். முகத்தை முதலில் பார்த்தால் என் கதிதான். பிறந்த குட்டிகளைக் கேட்டுப் பாருங்கள், மருத்துவச் சீட்டைக் கேளுங்கள். கறுப்புக் கொண்டைக்கடலை அரைக் கிலோ கொண்டு போனால் நல்லது. ஒரு குதிரை உங்கள் கையில் எப்படி வாங்கித் தின்கிறது என்பதில் அதன் குணம் தெரிந்துவிடும். பழுப்பன் உதட்டால் மட்டும் எடுத்தான். பல் படவே இல்லை.

கடைசியாக, கொழுந்தனாருக்கு. தம்பி, புதன்கிழமை ரிக் வண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டீர்கள். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். ஆனால் என் பதிவுகளை ஒன்றுவிடாமல் படிப்பீர்கள் என்று தெரியும். நம் வீட்டில் துடைப்பத்தை யாராவது மிதித்தால், அது லட்சுமி என்று சொல்லித் தொட்டுக் கும்பிடச் சொல்கிறோம். தினமும் காலையில் நான் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். பூங்கொடி வாசலில் அதைக் கொண்டு கூட்டிய பிறகுதான் நமக்குக் கண் தெரிந்தது. அதுவே ஒரு குதிரையின் முதுகில் இருந்தால் மட்டும் எப்படித் தரித்திரம் ஆகும்? நேற்று நம் வாசலிலும் தண்ணீர் தெளித்துச் செம்பருத்தியை நடத்திப் பார்த்தேன். வலது முன்கால் தடம் கொஞ்சம் வெளியே திரும்பித்தான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அவள் மேல் பாசம் கூடித்தான் இருக்கிறது.

அவள் உங்கள் குதிரை. நீங்கள் சொல்லாமல் வண்டியில் ஏற்ற மாட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. பருவத்துக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. வெண்ணந்தூருக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் போடுங்கள்.