போடில் பிரித்த மஞ்சள் கட்டி

போடில் ஸ்கோரப் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஜட்லாந்து வட்டாரத்து மாட்டு இறைச்சிக்கூடம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் கத்தி பிடித்தவள். பசுவின் சினைப்பையைக் கையில் எடுத்தாலே போதும், முட்டை வெளியேறி எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். முட்டை போன இடத்தில் ஒரு கட்டி வளரும். புதிதென்றால் ரத்தச் சிவப்பு, முதிர்ந்தால் மஞ்சள், சாகத் தொடங்கினால் வெளிறிப்போகும். எந்தக் கொம்பனும் வந்து கற்றுத்தரவில்லை, அவளாகக் கண்டுகொண்டது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் பதினோரு வருஷமாக அவள் பருவம் பார்த்துப் பிரித்த கட்டிகளைத்தான் வாங்கியது. அந்தப் பெருமைக்காகவே அவள் வேலையில் நீடித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாரும் கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவித் தின்றுகொண்டிருந்தபோது, அந்த ஆய்வுக்கூடத்து ஆய்வாளர் சிக்னே உள்ளே வந்து ஒரு பாட்டிலை மேசையில் வைத்தாள். போடில் பிரித்து அனுப்பிய மஞ்சள் கட்டிகள் உள்ள பாட்டில். உடம்பின் காவல் அணுக்கள் கட்டி மஞ்சளாக இருக்கும் பருவத்தில் கொஞ்சம்தான் இருக்கும். கட்டி சாகும்போதுதான் கூட்டமாக நுழைந்து அதைத் தின்று கரைக்கும். இதிலோ ஐந்து கட்டிகளில் ஈயாய் மொய்க்கின்றன என்றாள்.

“சாகறதையும் இதையும் கலந்துட்டீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து என் ஆளே வந்து பிரிப்பான்.”

“என் கையில எதுவும் கலக்காது, டாக்டரம்மா. உங்க பக்கம் ஐஸ்ல வைக்காம விட்டிருப்பீங்க.”

“உங்க கண்ணை நம்பினதுதான் என் தப்பு.”

அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். போடில் எழுந்தாள். யாரும் கேட்காமலே கட்டிகளை அனுப்பும் ஒவ்வொரு பையிலும் மாட்டின் எண்ணை எழுதிப் போடுகிறவள் அவள். கூடத்துப் பட்டியலில் அந்த எண்களைத் தேடினால் ஐந்தும் அக்செல் என்பவனின் பண்ணை மாடுகள். அங்கேயே நின்று அவனுக்கு ஃபோன் போட்டாள். சினைக்கு வரவைக்க ஊசி போட்டிருந்தானாம். மறுநாளே மனசு மாறி, லாரியில் இடமிருக்கிறதென்று அறுப்புக்கு ஏற்றிவிட்டானாம். அந்த ஊசி கட்டியைச் சாகடிக்கிற ஊசி. ஒரே நாள்தான் ஆகியிருந்தது. மேலே மஞ்சள் மாறவில்லை, உள்ளே தின்னும் கூட்டம் வந்துவிட்டது.

சிக்னே விடவில்லை. “அப்ப உங்க கண்ணுக்குத் தெரியலதானே?”

“தெரியல. உன் பூதக்கண்ணாடிக்குத் தெரிஞ்சுது, ஏன்னு மட்டும் அதுக்குத் தெரியல. அதுக்கு நான் ஃபோன் எடுக்க வேண்டியிருந்துச்சு.”

மன்னிப்பு எவளும் கேட்கவில்லை. சிக்னே பாட்டிலை எடுத்துக்கொண்டு, இனி பண்ணைப் பெயரையும் ஊசி விவரத்தையும் பையில் எழுதச் சொன்னாள்.

“உன் ஆள் வரானா?”

“வரல.”

போடில் உட்கார்ந்து மீதி ரொட்டியைத் தின்றாள். சிக்னேவிடம் காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை.