கடைசி அடியில் இருந்த பெயர்

போன வாரம் ராசிபுரம் போயிருந்தேன். நண்பர் நல்லமுத்துவின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அரிசிப் பஞ்சமா? இல்லை... எல்லாம் ஒரு பாட்டால் வந்த வினை!

நல்லமுத்து தறி நெய்பவர். நெய்துகொண்டே பாட்டுக் கட்டுவார். பாட்டின் கடைசி அடியில் கட்டியவர் தம் பெயரை வைப்பது வழக்கமல்லவா? அவரும் வைப்பார்.

ஊர் நாடகத்துக்கு அவர் எழுதிய பாட்டு ஒன்றை ஒரு நடிகை கேட்டாள். கிராமபோன் பிளேட்டில் பாடியும் விட்டாள். பிளேட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தானே ஓடும்? கடைசி அடிக்கு இடமில்லை. பாட்டு ஊரெங்கும் போயிற்று. பெயர் மட்டும் ராசிபுரத்திலேயே நின்றுவிட்டது.

போன வருஷம் சங்ககிரியில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். அங்கே நல்லமுத்து எழுந்து அந்தப் பாட்டை முழுசாகப் பாடினார். கடைசி அடி வந்ததும் பெண்ணின் மாமா குதித்து எழுந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? அந்தம்மா பாட்டுல உங்க பேரைச் சொருகறீங்களே!"

"நான் கட்டின பாட்டுங்க அது!"

"பிளேட்டுல அப்படி இல்லீங்களே!"

பந்தலே சிரித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். மனுஷன் பாயசம்கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். பிள்ளையைப் பெற்றவனையே பிள்ளை பிடிக்கிறவன் என்றால் வயிறு எரியாதா?

அன்றே ஒரு சபதம் செய்தார். 'இனி பெயர் முதல் அடியில்தான். எப்படி வெட்டுகிறார்கள், பார்க்கிறேன்!' அடுத்த பாட்டை அப்படியே எழுதி, அதே நடிகைக்குத் தாமே அனுப்பிவைத்தார். போன வாரம் பிளேட் வந்தது. ஒரு எழுத்துகூட வெட்டவில்லை.

'எங்கே நீர் போனீர், நல்லமுத்தே...' என்று டீக்கடைக்கு டீக்கடை நடிகை உருகுகிறாள்!

வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாத ஊர் இது. நல்லமுத்துவின் மனைவி ராமாயி, இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சும்மா இருப்பாளா?

"ஆருங்க அவ? இத்தனை உரிமையாப் பேர் சொல்லிக் கூப்பிடறா?"

"அடி, அது நான் எழுதின பாட்டு! இவரையே கேளு!"

நான் வாயைத் திறப்பதற்குள் ராமாயி முந்திக்கொண்டாள்.

"ஆருகிட்டக் கதை உடறீங்க? அது அந்தம்மா பாட்டுன்னு ஊருக்கே தெரியும்!"