வேலை பழக்கப் போன மூன்று மாதம்

ஹனோவருக்கு வெளியே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. காருக்குள் ஓடுகிற வயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிற வேலை. அந்தக் கட்டுக்கு ஜேர்மன் மொழியில் கேபிள் மரம் என்று பெயர். பார்வைக்கும் மரம் மாதிரித்தான் இருக்கும். நடுவில் தடித்த தண்டு, அதிலிருந்து விளக்குக்கு, கதவுக்கு, ஸ்டியரிங்குக்கு என்று கிளை பிரிந்து போகும். ஆணி அடித்த நீளப் பலகையில் வயர்களை வளைத்துப் போட்டு, துணி டேப்பால் சுற்றி, நுனிகளில் பிளக் மாட்ட வேண்டும். பதினொரு வருடம் அதைச் செய்தேன். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. நல்ல வேலைதான். ஆனாலும் ஐம்பது பெண்கள் ஒரே நேரத்தில் டேப் கிழிக்கிற அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

எனக்கு வேலை பழக்கியவள் பக்கத்துப் பலகையில் நின்ற ஜேர்மன்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். முதல் கிழமை என் விரல் நுனிகள் வெடித்துப் போனபோது தன் கிறீம் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, டேப்பை விரலால் இழுக்காமல் கட்டைவிரலால் அழுத்திப் போகச் சொன்னாள். பத்து மணி இடைவேளையில் அவள் கறுப்புப் பாண் கொண்டு வருவாள், நான் ரொட்டியும் சம்பலும். சம்பலைத் தின்று கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கேட்பாள். என் ஜேர்மன் பாதிக்கு மேல் அவளிடம் கேட்டுப் படித்தது. அதனால்தான் கோபம் வந்தால் அவளுடைய கெட்ட வார்த்தைகளே முதலில் என் வாயில் வரும்.

ஒரு நாள் எல்லாரையும் கன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் போலந்துக்குப் போகிறது, ஒரு வருடத்தில் இங்கே மூடிவிடுவோம் என்று சொன்னார்கள். நாங்கள் திரும்பிப் போய்க் கையில் இருந்த கட்டை முடித்தோம். அடுத்த கிழமை மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போலந்துக்குப் போய் அங்கேயுள்ள பெண்களுக்கு மூன்று மாதம் வேலை பழக்க வேண்டும், கை வேகமும் பொறுமையும் உள்ளவர் நீங்கள்தான் என்றார். என் பக்கத்துப் பலகைக்காரியைத்தான் முதலில் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் வந்து சொன்னேன்.

"இஞ்சருங்கோ, என்னைப் போலந்துக்குப் போகச் சொல்லிக் கேக்கினம்."

என் மனுசன் சப்பாத்தைக் கழற்றியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீர் போகாட்டி வேற ஆரையாவது அனுப்புவாங்கள். அது வேற கதை. அந்த நாட்டுக்குத் திரும்பப் போக உமக்கு மனம் வருதோ?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வயதில் நான் ஜேர்மனிக்கு வந்தது போலந்து வழியாகத்தான். அங்கே ஒரு வீட்டின் மேல் அறையில் எங்கள் ஆட்கள் ஏழு பேருடன் நாற்பது நாள் இருந்தேன். யன்னல் சீலையை விலக்கக்கூடாது என்பது எங்களைக் களவாகக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரனின் கட்டளை. சீலையின் ஓரத்தால் ஒரு வேலியும் அதன் பின்னால் ஒரு ஆப்பிள் மரமும் தெரியும், அவ்வளவுதான். பிறகு ஒரு விடியற்காலை மூடுபனிக்குள் ரப்பர் படகில் எல்லை ஆற்றைக் கடந்தோம். ஒரு நாட்டில் நாற்பது நாள் இருந்தும் அதன் ஒரு தெருவைக்கூட நான் நடந்து பார்த்ததில்லை.

"வருது," என்றேன். "பகலிலை ஒருக்காப் பாக்கவேணும்."

அது உண்மைதான். என்னைக் கேட்டார்களே என்ற பெருமையும் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

பக்கத்துப் பலகைக்காரிக்கு நானே போய்ச் சொன்னேன். அவள் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"எங்கட வேலையை நீயே கொண்டுபோய் அவளவையின்ரை கையிலை குடுக்கப் போறாய், என்ன?"

"நான் போகாட்டியும் மூடத்தானே போறாங்கள்."

"ஓம். ஆனா நீ இல்லாமல் மூடட்டும்."

அன்றிலிருந்து இடைவேளையில் அவள் வேறு மேசையில் இருந்தாள்.

கம்பெனிக் காரில் சாரதியும் நானுமாகப் போனோம். எல்லைப் பாலத்தில் ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. காவல் கூண்டுகள் வெறுமையாக, கண்ணாடி தூசி பிடித்து நின்றன. என் கைப்பையில் புது ஜேர்மன் பாஸ்போர்ட் இருந்தது. யாராவது கேட்பார்கள் என்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கேட்க ஒருவரும் இல்லை. சாரதி ரேடியோவில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார். ஆற்றைப் பார்த்தேன். இவ்வளவு ஒடுக்கமான ஆறா என்று இருந்தது.

புதுத் தொழிற்சாலையில் பெயின்ட் மணம் போகவில்லை. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். என்னைக் கண்டதும் தங்களுக்குள் ஏதோ சொன்னார்கள், ஒருத்தி சிரித்தாள். மொழிபெயர்க்க வந்த பெண் தயங்கினாள்.

"என்ன சொல்லுகினம்?" என்று கேட்டேன்.

"ஜேர்மன்காரி எங்கே எண்டு கேக்கினம்."

"நான்தான் எண்டு சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னை ஜேர்மன்காரி என்று முதன்முதலில் ஏற்றுக்கொண்டது போலந்தில்தான்.

முதல் நாட்களில் நான் ஒரு பிழை விட்டேன். அலுவலகக்காரருடன் தனி அறையில் சாப்பிடச் சொன்னார்கள், போய்ச் சாப்பிட்டேன். பெண்கள் வேலையில் கேள்வி கேட்கவே இல்லை. தவறாகக் கட்டிவிட்டு மறைத்தார்கள். ஒரு கிழமை கழித்து என் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய மேசைக்குப் போனேன். முதலில் இடம் விட்டவள், அன்று சிரித்த அதே பெண். என் வயதுதான். அவள் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடி இரண்டு வருடம் என்று மொழிபெயர்க்கிறவள் சொல்லியிருந்தாள். எங்களுக்குள் பொது மொழி கிடையாது. என் கையைப் பிடித்துப் பார்த்து, கட்டைவிரலின் காய்ப்பைத் தடவினாள். பிறகு ஊசி பிடித்துக் காய்ப்பேறிய தன் விரலைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவர்கள் பிழை விட்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கதவைத் திறந்தவரைக் கண்டு திகைத்துவிட்டேன். தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்று தினமும் எனக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறவர். அவளுடைய கணவர். அவருக்கு ஜேர்மன் தெரிந்திருந்தது.

"எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"எல்லையிலை. பதினெட்டு வருசம் எல்லைக் காவல். இப்ப எல்லை திறந்திட்டாங்கள், எங்களுக்கு அங்கை அலுவல் இல்லை. அதுதான் இந்த வாசல்."

பீற்றூட் சூப் சிவப்பாகக் கோப்பையில் இருந்தது. நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் பொய்யாக இருக்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. ரப்பர் படகில் அந்த ஆற்றைக் கடந்தவள் நான் என்று சொன்னேன். அவர் அகப்பையை வைத்தார்.

"எந்த மாதம்?"

"ஒக்டோபர் கடைசி."

"எந்த இடத்திலை?"

"தெரியாது. ஒரு உடைஞ்ச பாலம் பக்கத்திலை இருந்தது."

மனைவி என்னவென்று கேட்க, போலிஷில் இரண்டு வசனம் சொன்னார். அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அந்தப் பக்கந்தான் நிண்டனான்," என்றார். "கன பேரைப் பிடிச்சிருக்கிறன். தேத்தண்ணி குடுத்துத் திருப்பி அனுப்புவம். அண்டைக்கு மூடுபனியோ?"

"ஓம். கை நீட்டினால் கை தெரியாது."

"அப்ப நல்லது," என்று சொல்லி என் கோப்பையில் இன்னும் சூப் ஊற்றினார். அன்று பின்னேரம் மூன்று பேருமாக ஊரைச் சுற்றி நடந்தோம். ஒவ்வொரு தெருவுக்கும் அவர் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். என் வாழ்க்கையின் மிக நல்ல பின்னேரங்களில் அது ஒன்று.

ஹனோவர் தொழிற்சாலை சொன்னபடியே மூடியது. கடைசி நாள் இடைவேளையில் பக்கத்துப் பலகைக்காரி வந்து என் எதிரில் இருந்தாள்.

"அவளவை எப்படி? கெட்டிக்காரியளோ?"

"ஓம். நல்ல கெட்டிக்காரியள்."

"ம்." என் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எடுத்தாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. சில வருடங்கள் பிறந்தநாளுக்குப் போன் எடுத்தாள். பிறகு மகளோடு தெற்குப் பக்கம் போய்விட்டாள்.

நான் முதியோர் பராமரிப்புக்கு ஆஉஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படித்து வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் வேலை இடைவேளையில், அன்று வீட்டில் சூப் தந்த போலந்துக்காரி போனில் கூப்பிட்டாள். அதற்குள் கணவரிடம் கொஞ்சம் ஜேர்மன் படித்திருந்தாள்.

"இப்ப இஞ்சையிருந்து உக்ரைனுக்குக் கொண்டுபோறாங்கள். பழக்கிறதுக்கு என்னைக் கேக்கிறாங்கள். நான் என்ன செய்ய?"

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? போ என்று சொல்வதும் லேசாக இல்லை.

"போறதெண்டால், முதல் நாளே அவையோட இருந்து சாப்பிடு," என்று மட்டும் சொன்னேன்.

அவள் போனாள். பழக்கிவிட்டு வந்தாள், அவளுடைய வேலையும் போனது. பிறகு உக்ரைனில் போர் தொடங்கியது. வயர்கள் வராததால் இங்கே ஜேர்மனியில் கார்த் தொழிற்சாலைகள் நின்றுபோனதாகச் செய்தியில் சொன்னார்கள். இந்த வயர்களைக் கட்டுகிறவர்களைப் பற்றி யாரும் இதற்கு முன் செய்தியில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கிழமையே போலந்துக்காரி கூப்பிட்டாள். தான் பழக்கிய பெண்களில் ஒருத்தி ஒரு பையும் ஒரு பூனையுமாக வந்து நிற்கிறாள் என்றாள்.

"எங்கை வைச்சிருக்கிறாய்?"

"மேல் அறையிலை. அவர் இல்லாத வீடு, இடம் இருக்கு." அவளுடைய கணவர் அதற்கு முந்திய வருடம் காலமாகிவிட்டார்.

போன கோடையில் நான் போய் ஒரு கிழமை நின்றேன். உக்ரைன்காரி முப்பது வயதுக்காரி, அவசரமாகப் பேசுகிறவள். அவள் இப்போது அங்கே ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். ஒரு மத்தியானம் மூன்று பேரும் காரில் பழைய தொழிற்சாலைப் பக்கம் போனோம். இப்போது அது ஏதோ ஓர் இணையக் கடையின் பார்சல் கிடங்கு. லொறிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. போலந்துக்காரி காரை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கொஞ்சத் தூரம் போனதும் உக்ரைன்காரி, "நிப்பாட்டு, நிப்பாட்டு," என்று கத்தினாள். வீதி ஓரத்தில் ஒரு கிழவர் செர்ரிப் பழம் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கூடை வாங்கினோம். கழுவப் பொறுமை இல்லை. காருக்குள் இருந்தபடியே தின்று, கொட்டைகளை யன்னலால் துப்பினோம். யார் தூரத் துப்புவது என்று போட்டி வந்தது. உக்ரைன்காரிதான் வென்றாள்.