கோவளத்தில் கூப்பிட்ட பெயர்

நான் “என்னங்க” என்று கத்தியதும் கரையில் நின்றிருந்த ஆண்களில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர் ஒருவர், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு நின்றவர் ஒருவர், வறுத்த மீனுக்காகக் காத்திருந்தவர் ஒருவர். எல்லார் முகத்திலும் ‘இப்ப என்ன?’ என்கிற ஒரே கேள்வி. கூப்பிட்டது தன் மனைவி இல்லை என்று தெரிந்ததும் அவரவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். திரும்ப வேண்டியவர் மட்டும் திரும்பவில்லை. அவர் கோவளம் கடலுக்குள், அலை உடையும் இடத்தையும் தாண்டி, ஒரு கறுப்புத் தலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நாங்கள் செம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். நான் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு அது நல்ல வேலைதான். ஆனால் கை ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால் மனசு சும்மா இருக்குமா. அவர் இந்நேரம் எந்த மாடியில் எந்த ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஸ்குரூ முடுக்குகிறாரோ என்று நினைத்துக்கொண்டே தைப்பேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் என் கால் தானாக மிஷினை நிறுத்திவிடும். சத்தம் தேய்ந்த பிறகுதான் அடுத்த காலர். சூப்பர்வைசர் மேடம், “உன் புருஷனுக்கு இன்ஷூரன்ஸே வேணாம்மா, நீ ஒருத்தி போதும்” என்பார். நான் சிரித்ததில்லை. இன்ஷூரன்ஸ் என்கிற வார்த்தையைக்கூட மேடம் சொல்லியிருக்க வேண்டாமே என்றுதான் தோன்றும்.

இப்படி இருந்தவள் கடற்கரைக்குப் போகச் சம்மதித்ததே பெரிய விஷயம். சுனாமி வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ஓட்டலில் ஏ.சி. பார்க்கப் போனவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாயை விரித்து, அதன் மேல் முழங்காலை மடக்கிக் கையை விரித்து நின்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “பலகை மேல இப்படி நின்னுக்கிட்டே அலையோட வராங்க. மீன் பிடிக்கிற பசங்கதான். அங்க அலை அழகா வருது. குடும்பம் குடும்பமா உக்காந்து பாக்கறாங்க. பாப்பாவுக்குக் காட்டணும்” என்றார். எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த மகள் அதற்குள் பாயில் ஏறி அவருக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

“கடலத்தான் டிவில பாத்துட்டமே” என்றேன்.

“நீ டிவில பாத்தது சுனாமி. கடல இன்னும் பாக்கவே இல்ல.”

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியில் பின்னால் ஏறினேன். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனோம். வழியெல்லாம் மகளின் வயிற்றைச் சுற்றி ஒரு கை, அவர் சட்டையைப் பிடித்து ஒரு கை.

பொய் சொல்லக் கூடாது, இடம் அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் படகுகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் அடுப்பு மூட்டி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்த பெண்கள் அது நனைவதைப் பற்றிக் கவலையே இல்லாமல் அலையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அவர் சொன்ன பையன்களும் இருந்தார்கள். இரண்டு மூன்று பேர் பழைய பலகைகளின் மேல் குப்புறப்படுத்துக் கையால் துழாவிக்கொண்டு உள்ளே போய், ஒரு அலை வந்ததும் சட்டென்று எழுந்து நின்று அதோடு வந்தார்கள். மகள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தேன். கடல் அளவுக்கு மீறி உள்வாங்கினால் ஓடிவிட வேண்டும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். எது அளவு என்று சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு அலைக்கும் மகளை ஒரு அடி பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“இங்கயேதான் நிப்பேன். முட்டிக்கு மேல போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். முட்டி இடுப்பாயிற்று. பையன்கள் பலகையில் எழுந்து நிற்பதைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் இடுப்பு நெஞ்சாயிற்று. செம்பாக்கம் ஏரியில் நீந்திப் பழகியவர் அவர், தண்ணீரைக் கண்டு பயந்தவர் இல்லை. ஆனால் ஏரித் தண்ணீர் வைத்த இடத்தில் இருக்கும். முதலில் அவர் தலை, மணலில் ஏற்றியிருந்த ஒரு நீலப் படகுக்கு நேராகத் தெரிந்தது. மகளின் பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது அந்தப் படகைத் தாண்டித் தெரிந்தது. கரையைப் பார்த்துக் கையை வீசி நீந்துகிறார், ஆனால் வரவில்லை. வீசுகிற கை வேகமாக இருந்தது, தலை மட்டும் சின்னதாகிக்கொண்டே போனது. அப்போதுதான் கத்தினேன். அந்த ஏழெட்டுப் பேர் திரும்பியது அப்போதுதான்.

என் அம்மா என் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அதற்குக் காரணமும் சொன்னார்: “புருஷன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்மா.” கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்கள், “அந்தப் பேர்ல என்னடி, வெடிகுண்டா வச்சிருக்கு?” என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஆம்புலன்ஸ் சத்தத்துக்கே மிஷினை நிறுத்துகிறவள் இதில் மட்டும் துணிவேனா? ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். வங்கியில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். எழுதினால் ஒன்றும் ஆகாது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறிய ஒரு மீனவப் பையன் என் சத்தம் கேட்டு நின்றான். அவனுக்கு இருபது வயது இருக்கலாம். “இன்னாக்கா?” என்றான். நான் கடலைக் காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “அந்தாண்ட இழுக்குது இன்னிக்கு. அஞ்சாறு தலை கீது. எது உங்காளு?”

“அதோ அந்தத் தலை” என்றேன். எல்லாத் தலையும் கறுப்பாகத்தான் இருந்தது. பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் சிலர் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். “கையத் தூக்குங்க” என்று கத்தினேன். கல்லூரிப் பையன்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கி “ஓ” என்று ஊளையிட்டார்கள்.

“அப்படிச் சொன்னா எல்லாந்தான் தூக்குவானுங்க. பேரு இன்னா சொல்லு. நா இட்டாரேன்.”

என் தொண்டைக்குள் பெயர் இருந்தது. இருப்பது நன்றாகத் தெரிந்தது. சொன்னால் ஆயுசு குறையும், சொல்லாவிட்டால் இப்போதே போய்விடும் என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை. வெட்கம் இல்லை அது. நான் வாயைத் திறக்கிற அந்த நொடியில்தான் தண்ணீர் அவரை மூடிவிடுமோ என்கிற பயம். மீன் வறுக்கிற பெண் கரண்டியோடு எழுந்து வந்துவிட்டாள். “புருசன் பேரச் சொல்ல வாய் வரலியா? நல்லா இருக்கியே நீ. எங்க ஆளுங்க நாலு பேரு ஒரு படகுல போறாங்க. கரையில நின்னுகினு ‘இன்னாங்க’ன்னா எவன் திரும்புவான்? பேரச் சொல்லித்தான் கத்துவோம். ஒருத்தனும் அதுல சாவல” என்றாள்.

நான் மகளைக் குனிந்து பார்த்தேன். “பாப்பா, அண்ணாகிட்ட அப்பா பேரச் சொல்லு.” அவள் மணலில் நேராக நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி தொடங்கினாள். “மை ஃபாதர்ஸ் நேம் ஈஸ் மிஸ்டர்…” என்று இழுத்து, பெயரைச் சொல்லி, நிற்காமல் எங்கள் வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் சொல்லப் போனாள். அவளுக்கு அந்த வயதில் ‘ர’ வராது, ‘ல’தான் வரும். அவர் பெயர் அவள் வாயில் வேறு யாருடைய பெயராகவோ ஆகிவிட்டது. பையன் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டு, கையைக் குவித்துக் கடலைப் பார்த்துக் கத்தினான். ஒரு தலையும் அசையவில்லை. மறுபடி கத்தினான். யாரோ ஒருவரின் பெயர் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

“அது இல்ல தம்பி” என்றேன். திருத்தத்தான் வாயைத் திறந்தேன். சரியான பெயர் வந்துவிட்டது. முதலில் மெல்ல, அவனுக்கு மட்டும். பிறகு தண்ணீருக்குள் முழங்கால் வரை ஓடி நின்று, அடிவயிற்றிலிருந்து, ஒரு முறையா பத்து முறையா என்று தெரியாமல் கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அந்த நீலப் படகைத் தாண்டித் தூரத்தில் இருந்த ஒரு தலை திரும்பியது. ஒரு கை எழுந்தது. கல்லூரிப் பையன்கள் தூக்கியதுபோல் இல்லை. வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டதும் தூக்குவதுபோல், காதோரம் வரைக்கும் மட்டும். பையன் பலகையைத் தண்ணீரில் போட்டுப் பாய்ந்துவிட்டான்.

அவன் போய்ச் சேர்ந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பலகையின் மேல் குப்புறக் கிடந்தார், பையன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான். கடைசியில் ஒரு அலை இருவரையும் தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டது. “அப்பா அலை மேல வந்துட்டாங்க” என்று மகள் கை தட்டினாள். அவர் மண்டியிட்டு உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார். மீன் வறுக்கிற பெண் அவர் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “யாரு என்னைக் கூப்பிட்டது?”

“நான்தான்.”

வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “எங்க மேனேஜர்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமகூட விட மாட்டேங்கறானேன்னுதான் திரும்பினேன்.”

“நீங்க ஏன் காப்பாத்துன்னு கத்தல?”

“எல்லாம் குடும்பத்தோட நிக்கறாங்க. கூச்சமா இருந்துச்சு.” இதைச் சொல்லும்போதும் அவர் உதடு நீலமாகத்தான் இருந்தது. கூச்சத்தில் ஒரு ஆள் செத்துப்போகலாம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கூச்சமும் என் பயமும் சேர்ந்து, அந்த மீனவப் பையன் மட்டும் வரவில்லை என்றால், என் மகளை என்ன செய்திருக்கும் என்று நினைத்து, இப்போது எழுதும்போதும் பேனா நின்றுவிடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு பயம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. கடல் விட்டுவிட்டது, ஆனால் நான் பெயரைச் சொல்லிவிட்டேனே. அவருக்கு ஒரு தும்மல் வந்தால்கூட என்னால்தானோ என்று இருந்தது. மாமியார் அடுத்த முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. மகள் விடுவாளா? “பாட்டி, அம்மா அப்பா பேரச் சொல்லிக் கத்தினாங்க” என்று சொல்லிவிட்டாள். மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, “வெளியிலதானே சொன்ன? வீட்டுக்குள்ள இல்லல்ல?” என்றார். இல்லை என்றேன். “அப்பப் பரவால்ல” என்று மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு விதி இருக்கிறதா, எனக்காக அந்த நிமிஷத்தில் உண்டாக்கினாரா என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அந்த மகள் இப்போது கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். சாவி எங்கே, பால் பொங்குது பார், ஃபேனை நிறுத்து, எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். மாப்பிள்ளையும் “ம்” என்கிறாரே தவிரத் தலையைக்கூடத் திருப்புவதில்லை. ஆயுசுக் கணக்கில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. என் கவலை வேறு. இப்படிப் பாலுக்கும் ஃபேனுக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், நிஜமாகவே கூப்பிட வேண்டி வரும் அன்றைக்கு அவர் திரும்புவாரா? அவளிடம் சொன்னேன். “அம்மா, நீ எதுக்குத்தான் பயப்படல?” என்று சிரித்தாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது பிரஷர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். நெஞ்சின் மேல் பேப்பர் கிடந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பேப்பர் ஏறி இறங்குவதாகத் தெரியவில்லை. “என்னங்க” என்றேன். அசையவில்லை. கிட்டே போய் மறுபடி “என்னங்க” என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகியிருக்கிறார், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுப்படிக்குத் திரும்பிப் போக முடியவில்லை. வீட்டுக்குள்தான் நின்றிருந்தேன். குனிந்து, காதருகில், மெதுவாக அவர் பெயரைச் சொன்னேன்.

தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். பேப்பர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம் விழுந்தது. “என்ன ஆச்சு? பாப்பாவுக்கு என்ன?” முகமெல்லாம் வெளுத்திருந்தது.

“ஒன்னும் இல்ல. டீ போடட்டுமான்னு கேட்டேன்.”

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மூச்சு சீராகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“டீக்கெல்லாம் அதச் சொல்லாத.”